சின்னத்திரை ஏறிய தெம்மாங்கு

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அதன் படம் நம் கம்பம் பள்ளத்தாக்கில் தெளிவாக விழுவதற்குக் கொடைக்கானல் கோபுரம் எழும்ப வேண்டியிருந்தது. அதற்கு எண்பதுகளின் பிற்பகுதி ஆகிவிட்டது. அதுவரை தென்மாவட்டங்களில் ஆன்டெனாவை உயரத் தூக்கிக் கட்டி, 1982-இல் தொடங்கிய இலங்கை ரூபவாகினியைப் பார்த்தவர்கள் ஏராளம். நாட்டுப்பாட்டு திரைக்கு வந்த முதல் பத்தாண்டை, அதைப் பாடிக்கொண்டிருந்த ஊர்களே பார்க்கவில்லை.

வானொலியில் குரல் தேர்வு உண்டு. பி, பி-ஹை, ஏ, டாப் என்று தரம் பிரிப்பார்கள். அந்தப் பழக்கம் தொலைக்காட்சிக்கும் வந்தது. பாட்டு சில நிமிடத்தில் முடிய வேண்டும், சுருதி விலகக் கூடாது, வரி முன்கூட்டியே தெரிய வேண்டும். நம் பள்ளத்தாக்கின் அளவுகோல்கள் வேறு.

நடவுப் பாட்டை எடுத்துக்கொள்வோம். 1895-இல் முல்லைப் பெரியாறு அணைத் தண்ணீர் வந்த பிறகு இங்கே இருபோக நெல். மூத்தவள் ஒருத்தி எடுத்துக்கொடுக்க, வரிசையாகக் குனிந்து நிற்பவர்கள் வாங்கிப் பாடுவார்கள். நாற்று ஊன்றும் கையும் பாட்டும் ஒன்றாகப் போகவேண்டும். வயல் தீரும்வரை அடி தீரக்கூடாது. வரப்பில் குடையோடு நிற்கும் பண்ணைக்காரரைப் பாட்டுக்குள் இழுத்துவிடுபவள்தான் கெட்டிக்காரி. இந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கு எந்தத் தேர்வில் மதிப்பெண் போடுவது? ஒப்பாரியும் அப்படித்தான். செத்தவருக்கு யார் என்ன முறை என்பதை வரிசை பிசகாமல் சொல்லி அழுபவளுக்கே மரியாதை. குரல் கம்மினாலும் குற்றமில்லை.

வயலிலும் வீட்டிலும் பாடுவது ஒரு வழி என்றால், இரண்டாவது வழி இயக்க மேடை. பண்ணைப்புரம் பாவலர் வரதராசன், தம்பிகள் பாஸ்கர், இளையராஜா, கங்கை அமரனோடு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடினார். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் அவர் பாட்டு மலைத்தோட்டமெங்கும் ஒலித்தது. தெரிந்த மெட்டில் அன்றைய செய்தியை ஏற்றுவது அந்தப் பள்ளியின் திறமை. தொலைக்காட்சி வருவதற்கு முன்பே பாவலர் மறைந்துவிட்டார். இந்த மரபின் பெரிய இழப்பு என்று நான் சொல்வது இதைத்தான்.

மூன்றாவது வழியான, ஆட்டத்தோடு வரும் கரகம், நையாண்டி மேளம் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவுக்கு வந்தவர்களுக்குத் தெரியும். கம்பளத்தாரின் தேவராட்டத்துக்குத் தேவதுந்துபியே போதும். உருமியின் ஒரு முகத்தை அடித்து, மறுமுகத்தை வளைந்த குச்சியால் இழைக்கும்போது எழும் அந்த உறுமலை அன்றைய டிவிப் பெட்டியின் சின்ன ஸ்பீக்கர் எப்படித் தாங்கும்?

திரையில் நின்றவர்கள் மேடைக்கும் மைக்குக்கும் பழகியவர்கள். மதுரை விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் தம்பதியர் கிராமம் கிராமமாகத் தொகுத்து, தெளிந்த உச்சரிப்போடு பாடினார்கள். விஜயலட்சுமிக்கு 2018-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. வானொலியில் பாடிவந்த கொல்லங்குடி கருப்பாயி 1985-இல் ‘ஆண்பாவம்’ படத்தில் நடித்தார். பின்னால் புஷ்பவனம் குப்புசாமி வந்தார். மதுரைத் தம்பதியர் பாட்டில் ஆய்வு தெரியும், கருப்பாயி குரலில் மண் ஒட்டியிருக்கும், குப்புசாமியிடம் கச்சேரிக் களை. என் ஓட்டு கருப்பாயிக்கு.

இவர்களில் ஒருவரும் நம் பள்ளத்தாக்கினர் அல்லர். நமக்கு வழிவிட்டது சினிமாதான். 1994-இல் அல்லிநகரத்துப் பாரதிராஜாவின் ‘கருத்தம்மா’வில் தாலாட்டும், அதே ஆண்டு ‘காதலன்’ படத்தில் பேட்டை ராப்பும் பாடிய தேனி குஞ்சரம்மாளைத் தமிழ்நாடே கேட்டது.

ஆனாலும் உத்தமபாளையம், சின்னமனூர், போடிப் பக்கமிருந்து வானொலிக்கோ தொலைக்காட்சிக்கோ போய்ப் பாடிய குழுக்கள் இருந்திருக்கும். அவர்களின் ஒப்பந்தக் கடிதமோ புகைப்படமோ ஒலிநாடாவோ உங்கள் வீட்டுப் பரணில் கிடந்தால் இந்த மலரைத் தொகுக்கும் குழுவிடம் கொடுங்கள். பிரதி எடுத்துக்கொண்டு அசலைத் திருப்பித் தந்துவிடுவோம்.