வெருட்டுவார் இல்லை

எபிரேயத் தீர்க்கதரிசிகளின் அபய வாக்குகளை நான் நெடுங்காலம் வெறும் ஆறுதல் மொழிகளாகவே வாசித்து வந்தேன். அவ்வாசிப்பைக் குலைத்தது 'எய்ன் மஹரீத்' என்ற சிறு தொடர். மீக்கா 4இல் ஒவ்வொருவரும் தத்தம் திராட்சைக்கொடியின் கீழும் அத்திமரத்தின் கீழும் அமர்ந்திருப்பர். அவர்களை வெருட்டுவார் இல்லை. (ஏசாயா 2இலும் இதே தரிசனம் உண்டு. வாள்கள் கொழுவாவதும் உண்டு. இந்த மரநிழல்தான் இல்லை.) எரேமியா 30, சிறைப்பட்டுப்போன யாக்கோபின் சந்ததிக்கு அதே தொடரால் அமைதியை வாக்களிக்கிறது.

ஆனால் எரேமியா 7? அங்கே பிணங்கள் பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் இரையாகின்றன. அவற்றை வெருட்டுவார் இல்லை. தொடர் அதேதான். மொழிபெயர்ப்பில் ஓரிடத்தில் 'பயமுறுத்த', இன்னோரிடத்தில் 'துரத்த' என்று பிரிந்துவிட்டால் இந்தக் குரூரம் வாசகனுக்குத் தெரியாமலே போகும். நமது பேச்சுவழக்கின் 'வெருட்டு' இரண்டையும் தாங்கும். பிள்ளையையும் வெருட்டுகிறோம், காகத்தையும் வெருட்டுகிறோம்.

கி.மு. 587 அளவில் எருசலேம் பாபிலோனியரிடம் வீழ்ந்தது. பிணத்தருகே நின்று காகம் வெருட்டவும் ஆளில்லாத மண்ணின் சொல்லே, அம்மண்ணுக்குத் திரும்புவோருக்கான வாக்காகிறது. 30ஆம் அதிகாரத்தின் இப்பகுதியைப் பிற்சேர்க்கை என்பார் உளர். இருக்கட்டும். சேர்த்தவர் 7ஆம் அதிகாரத்தை அறிந்தே சேர்த்திருப்பார் என்றே நான் கருதுகிறேன்.