வாடை எதிரே வரும் வழி

டிரையத்லானை ரசிப்பவர்களில் பெரும்பாலோர் போட்டி நாளைத்தான் ரசிக்கிறார்கள். நீந்திக் கரையேறுவது, மிதிவண்டியில் விரைவது, தளர்ந்த கால்களோடு ஓடி இறுதிக்கோட்டைத் தொடுவது ஆகிய மூன்றும் காணொளியாக எளிதில் கிடைப்பதால் அந்தப் பழக்கம் வேரூன்றிவிட்டது. இக்கலையின் சாரத்தைத் தேடுபவர் போட்டிகள் ஓய்ந்துபோன மாதங்களைப் பார்க்க வேண்டும். கோவாவின் மிராமர் கடற்கரையில் 2019 முதல் நடந்துவரும் அயர்ன்மேன் 70.3 என்னும் பாதித்தொலைவுப் போட்டி, அதாவது 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. மிதிவண்டி, 21.1 கி.மீ. ஓட்டம், பெரும்பாலும் அக்டோபரிலோ நவம்பரிலோ முடிகிறது. அதை முடித்துக்கொண்டு கடலூர் முதுநகருக்குத் திரும்பும் ஒருவரை வடகிழக்குப் பருவமழை எதிர்கொள்கிறது. ஐரோப்பிய வீரருக்குப் பனி எப்படியோ அப்படி இந்தக் கரையில் ஐப்பசி, கார்த்திகை மழையும் மார்கழி வாடையும் பயிற்சியின் வடிவத்தைத் தீர்மானிக்கின்றன.

இம்மாதங்களின் வேலைக்கு அடித்தளப் பயிற்சி என்று பெயர். மூச்சு வாங்காமல் பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே செல்லக்கூடிய மெதுவான வேகத்தில், நெடுநேரம், வாரக்கணக்கில் உடலை இயக்குவதே அது. தசைகளில் நுண்குருதிக் குழாய்கள் பெருகுவதும், கொழுப்பை எரித்து ஆற்றலாக்கும் திறன் வளர்வதும் இந்த மெதுவான வேகத்தில்தான் நன்றாக நடக்கின்றன. நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட் இதை ஒரு முறையாகவே வகுத்தார். அவருடைய மாணவர் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டர் ஓட்டக்காரராக இருந்தும் வாரத்துக்கு 160 கி.மீ. அளவுக்கு ஓடிப் பழகியவர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஸ்னெல் 800 மீட்டரிலும் மற்றொரு மாணவர் முர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வென்ற பின்பு அந்த முறையின் மதிப்பை உலகம் ஒப்புக்கொண்டது. மெதுவாகச் செல்லத் தெரிந்தவரே பின்னால் வேகமாகச் செல்ல முடியும் என்பதைப் பலரும் வாயளவில் ஏற்கிறார்கள். பின்னால் வந்த மிதிவண்டி தம்மை முந்தும்போது அதைப் பொறுத்துக்கொள்பவர்கள் சிலரே.

அந்தப் பொறுமையைச் சோதிப்பதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது கடலூர்-சிதம்பரம் சாலை. மஞ்சக்குப்பத்திலிருந்து சிதம்பரம் ஏறக்குறைய 45 கி.மீ. என்பதால், போய்வந்தால் பாதித்தொலைவுப் போட்டியின் மிதிவண்டிப் பகுதி முழுவதும் ஒரே காலையில் கிடைத்துவிடுகிறது. முதுநகரைத் தாண்டி, சிப்காட் தொழிற்பேட்டையின் நெடியோடு தொடங்கி, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாகச் சம்பா வயல்களுக்கு நடுவே அச்சாலை தெற்கே இறங்குகிறது. மேடு என்று சொல்லத்தக்கது பாலங்கள் மட்டுமே. வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறும்போதுதான் கியர் மாற்ற வேண்டியிருக்கும். ஏற்றமே இல்லாத சாலையில் என்ன பயிற்சி என்று ஏற்காட்டு வளைவுகளிலும் கொல்லிமலைக் கொண்டையூசிகளிலும் பழகியவர்கள் கேட்பதுண்டு. மலை தரும் கடுமையை மறுக்க முடியாது. ஆனால் மலையில் ஏறியவருக்கு இறக்கம் உண்டு, இறக்கத்தில் ஓய்வு உண்டு. மார்கழிக் காலையில் சிதம்பரத்திலிருந்து வடக்கு நோக்கித் திரும்புபவருக்கு ஓய்வென்பதே கிடையாது, ஏனென்றால் அவருக்கு எதிரே வருவது வாடை.

இந்தக் காற்றின் கணக்கைச் சற்று விரித்துச் சொல்வது தகும். காற்றின் தடை வேகத்தின் இருமடியாகப் பெருகுகிறது. மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் செல்பவருக்கு 15 கி.மீ. வேகக் காற்று பின்னாலிருந்து துணைவந்தால், காற்றில்லாத நாளின் தடையில் கால் பங்குதான் அவர்மேல் விழும். அதே காற்று எதிரே வந்தால் தடை இரண்டேகால் மடங்காகிவிடும். ஆகவே காலையில் சிதம்பரம் நோக்கிப் போகும் பாதி ஒருவரைத் தம் வலிமைக்கு மீறிப் புகழ்கிறது. திரும்பும் பாதிதான் உண்மையைச் சொல்கிறது. தேர்ந்த வீரர் போகும்போதே இதை அறிந்திருப்பார். காற்று கொடுத்த வேகத்தைத் தம்முடையதாக எண்ணிக்கொள்ளாமல், காலில் தெரியும் அழுத்தத்தை மட்டும் கணக்கில் வைத்திருப்பார். புதுச்சத்திரத்தைக் கடந்து வடக்கே வரும்போது அவரைக் கவனிக்க வேண்டும். ஏரோ பார் என்னும் நீள்கைப்பிடியில் முழங்கைகளை ஊன்றி, தலையைத் தோள்களுக்கு இடையே இறக்கி, முதுகை அசைக்காமல், நிமிடத்துக்கு 85, 90 சுற்று என்று மிதிகள் மட்டும் ஒரே சீராகச் சுழல அவர் வருவார். பேருந்து ஒன்று கடந்து போகும்போது அது தள்ளும் காற்றில் சக்கரம் ஒரு கணம் ஆடும். இடுப்பை இறுக்காமல், கைப்பிடியை முறுக்காமல், அந்த ஆட்டத்தைத் தானாக அடங்க விடுவதில் ஒருவருடைய பல ஆண்டுப் பயிற்சி முழுவதும் தெரிந்துவிடும்.

பவர் மீட்டர் என்னும், மிதியில் செலுத்தும் ஆற்றலை வாட் கணக்கில் காட்டும் கருவி இப்போது பரவலாகிவிட்டது. அதை நம்பியே காற்றைச் சமாளிக்கலாம், உணர்வு எதற்கு என்பது ஒரு சாராரின் வாதம். கருவி பொய் சொல்வதில்லை என்பது சரிதான். ஆனாலும் எண்ணைப் பார்த்து மிதிப்பவரின் தோள்கள் பெரும்பாலும் இறுகியே இருக்கின்றன. காற்றைக் காதால் கேட்டு மிதிப்பவரின் தோள்கள் தளர்ந்திருக்கின்றன. மூன்று மணி நேரத்துக்குப் பிறகு ஓட வேண்டிய உடலுக்கு இந்த வேறுபாடு சிறியதன்று.

நீச்சலைப் பற்றி விரித்துச் சொல்ல அதிகமில்லை. தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் இம்மாதங்களில் நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்காக இழுக்கும், அலை உடைந்து உடைந்து வரும். அறிவுள்ள யாரும் அப்போது கடலில் இறங்குவதில்லை, இறங்கவும் கூடாது. கெடிலமும் தென்பெண்ணையும் செந்நீராகப் பெருகிவந்து கடலைக் கலக்கிவிடுகின்றன. 2011 டிசம்பர் 30இல் தானே புயலும், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலும் அதைத் தொடர்ந்த தென்பெண்ணை வெள்ளமும் இந்தக் கரையைப் புரட்டிப்போட்ட ஆண்டுகளில் பயிற்சி என்ற சொல்லுக்கே இடமிருக்கவில்லை. ஆகவே நீச்சல் குளத்தோடு நின்றுவிடுகிறது. இருந்தாலும் திறந்த கடலில் நெடுந்தூரம் நீந்துவதில் தமிழர்களுக்குப் பெரும் முன்னோடிகள் உண்டு. 1994இல் ஒரே ஆண்டில் ஆறு கடற்பகுதிகளைக் கடந்த குற்றாலீஸ்வரன் அவர்களில் ஒருவர். மற்றொருவர் வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன். 1971இல் பாக் நீரிணையைப் போகவும் வரவுமாக 51 மணி நேரத்தில் நீந்திய அவர், 1979இல் கொழும்பில் 187 மணி நேரத்துக்கு மேல் மிதிவண்டியை விட்டு இறங்காமலும் ஓட்டினார். ஹவாய்த் தீவுகளில் 1978இல் 15 பேர் கிளம்பி 12 பேர் முடித்த முதல் அயர்ன்மேன் போட்டியைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் நம்மவர்கள், அதே ஆண்டுகளில் ஒரு தமிழர் தனியாளாகச் செய்ததை ஒரு வரிகூடச் சொல்வதில்லை. 1984இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் உயிர் துறந்த அவரை இந்த விளையாட்டின் தமிழ் வரலாற்றில் முதல் பக்கத்தில் வைக்க வேண்டும்.

இம்மாதங்களின் பயிற்சி வீட்டையும் சார்ந்தது. குளிர்காலப் பயிற்சியையும் குடும்பத்தையும் ஒன்றாக வைத்துப் பேசும்போது, உலகளவில் முதலில் நினைவுக்கு வர வேண்டிய பெயர் சுவிட்சர்லாந்தின் டிரையத்லான் வீராங்கனை நிக்கோலா ஸ்பிரிக். பிரவுன்லி சகோதரர்களின் அன்பர்கள் இதை ஏற்கமாட்டார்கள். லண்டன், ரியோ என இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்ற அலிஸ்டரும், அதே போட்டிகளில் வெண்கலமும் வெள்ளியும் வென்ற தம்பி ஜானியும் யார்க்‌ஷயர் மழையில் பழகியவர்கள் என்பதும், அவர்களுடைய ஓட்டத்தில் ஒரு முரட்டு அழகு உண்டு என்பதும் உண்மை. ஆனால் அந்த அழகு இளமையின் கொடை. ஸ்பிரிக்கிடம் இருப்பது ஒழுங்குபடுத்திய வாழ்க்கையின் அழகு, அது அரிது.

2012 ஆகஸ்டில் லண்டன் ஹைடு பூங்காவில் ஸ்பிரிக்கும் சுவீடனின் லிசா நோர்டேனும் 1 மணி 59 நிமிடம் 48 விநாடி என்ற ஒரே நேரத்தில் இறுதிக்கோட்டைத் தொட்டார்கள். புகைப்படத்தைப் பார்த்தே தங்கம் ஸ்பிரிக்குக்கு என்று தீர்ப்பானது. அந்தப் படத்தை எல்லாரும் அறிவார்கள். அதைவிடப் பெரிதாகப் பேசப்பட வேண்டியது 2016. இடையில் 2013இல் அவருக்கு முதல் குழந்தை பிறந்திருந்தது. 2016 மார்ச்சில் அபுதாபிப் போட்டியில் மிதிவண்டியிலிருந்து விழுந்து கையெலும்பு முறிந்தது. அதற்குப் பின் ஐந்தே மாதத்தில் ரியோவின் ஓட்டப் பகுதியில் அமெரிக்காவின் க்வென் யோர்கென்சனோடு தோளோடு தோளாக அவர் ஓடினார். ஓட்டத்தில் யோர்கென்சனே வல்லவர் என்பது ஊரறிந்த செய்தி. அதை நன்கு உணர்ந்திருந்த ஸ்பிரிக், வேகத்தைக் குறைத்தும் பாதையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக விலகியும், முன்னே ஓடும் சுமையை எதிராளி ஏற்கும்படி செய்ய முயன்றார். இறுதியில் 40 விநாடி பின்தங்கி வெள்ளி பெற்றார். அன்று தங்கத்தைவிட வெள்ளிக்குரிய ஓட்டத்தில்தான் கலை மிகுந்திருந்தது. தமக்கு எது இல்லை என்பதைத் தெளிவாக அறிந்து, இருப்பதை ஒரு துளிகூட வீணாக்காமல் செலவிடுவதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய ஓட்டம் இந்த விளையாட்டில் அரிது. பிறகு மேலும் இரண்டு குழந்தைகள் பிறந்து, மூன்று குழந்தைகளின் தாயாக, 39 வயதில், தம் ஐந்தாவது ஒலிம்பிக்கான டோக்கியோவில் அவர் ஆறாவதாக வந்தார். கணவர் ரெட்டோ ஹூக்கும் ஒலிம்பிக் டிரையத்லான் வீரர். வீட்டுப் பொறுப்பை இருவரும் பகிர்ந்துகொண்டதனால்தான் அந்தப் பயிற்சி நடந்தது.

இந்தப் பகிர்வு முதுநகர் வீடுகளில் எப்படி நடக்கிறது என்பதையும் கலையின் ஒரு பகுதியாகவே கொள்ள வேண்டும். மார்கழியில் விடியற்காலை நான்கு மணிக்கு எழுவது இங்கே புதுமையன்று. கோயில் ஒலிபெருக்கியும் வாசலில் கோலமும் வீட்டை முன்பே எழுப்பிவிடுகின்றன. ஆகவே மற்ற மாதங்களில் திருடனைப்போல் ஓசைப்படாமல் கிளம்பும் வீரருக்கு இந்த ஒரு மாதம் வீடே துணை வருகிறது. முதல்நாள் மழையில் நனைந்த காலணிக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, இரவில் ஒருமுறை மாற்றித் திணித்தால்தான் காலையில் அது காலில் ஏறும். அந்தத் தாளை மாற்றும் வேலை பல வீடுகளில் பிள்ளைகளிடம் இருக்கிறது. கூடத்தில் குறுக்கே கட்டிய கொடியில், மின்விசிறிக்குக் கீழே, பள்ளிச் சீருடையும் மிதிவண்டிக் கால்சட்டையும் அடுத்தடுத்துக் காய்கின்றன. கனமழை என்றால் மாவட்ட ஆட்சியர் பள்ளிகளுக்கு விடுமுறை அறிவித்தாரா என்று விடியலிலேயே எல்லாரும் செய்தியைப் பார்க்கிறார்கள். விடுமுறை வந்தால் பிள்ளைகள் வீட்டில், அன்றைய நெடும்பயணம் ரத்து. அப்படி இழந்த நாளை மறுநாள் இரட்டிப்பாக ஈடுகட்ட முயலாமல் விட்டுவிடுவதுதான் முதிர்ச்சி. பிள்ளைகளோடு தாயக்கட்டை உருட்டிக் கழியும் அந்த நாளும் அடித்தளப் பயிற்சியில் அடங்கும், ஏனென்றால் ஓய்வில்தான் உடல் தன்னைப் பழுதுபார்த்துக்கொள்கிறது.

உணவைப் பற்றியும் ஒன்று சொல்லலாம். நெடும்பயணத்தில் உறிஞ்சுவதற்கென்று விற்கும் ஜெல் பொட்டலங்களுக்கு இந்த மாதத்தில் வேலையில்லை. ஆருத்ரா தரிசனத்தையொட்டி வீடுதோறும் செய்யும் திருவாதிரைக் களியில், வறுத்துடைத்த அரிசியும் வெல்லமும் தேங்காயும் நெய்யும் கலந்து, உடனே எரிவதும் மெதுவாக எரிவதுமான இருவகை எரிபொருளும் ஒரு கவளத்தில் கிடைக்கின்றன. அதே விழாவின் தேரோட்டத்தன்று சிதம்பரத்தின் நான்கு வீதிகளும் நிரம்பி வழிவதால் அன்று மிதிவண்டிக்காரர்கள் ஊருக்குள் நுழையாமல் வெளியிலேயே திரும்பிவிடுகிறார்கள்.

இப்படிப் பழகுபவர்கள் குறைந்துவருகிறார்கள் என்பதுதான் குறை. போட்டிக்கு மூன்று மாதம் இருக்கும்போது விலையுயர்ந்த மிதிவண்டி வாங்கி, இணையத்தில் கிடைத்த அட்டவணையைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றி, பதக்கத்தோடு படமெடுத்துக்கொண்டு அத்தோடு விட்டுவிடுபவர்கள் பெருகிவிட்டார்கள். போட்டியிலும் டிராஃப்டிங், அதாவது முன்னே செல்பவரின் சக்கரத்துக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு அவர் உடைத்த காற்றில் இலவசமாகப் பயணம் செய்வது, நெடுந்தொலைவுப் போட்டிகளில் விதிப்படி குற்றமாக இருந்தும் கூசாமல் நடக்கிறது. ஒலிம்பிக் போட்டியில் அதற்கு அனுமதி உண்டு, அங்கே அது உத்தி. தனித்துச் செல்வதையே இலக்கணமாகக் கொண்ட போட்டியில் அதைச் செய்பவர், மார்கழியில் ஒருமுறையாவது சிதம்பரத்திலிருந்து தனியாகத் திரும்பியிருந்தால் செய்யமாட்டார். வீட்டு அறையில் மிதிவண்டியைத் தாங்கியில் பொருத்தி, திரையைப் பார்த்து மிதிப்பவர்களும் மழையைக் காரணம் காட்டுகிறார்கள். புயல் நாளுக்கு அது சரி. கார்த்திகை மழைக்கெல்லாம் அறைக்குள் போய்விட்டால், ஈரச் சாலையில் பிரேக்கை எவ்வளவு முன்பே தொட வேண்டும், வெள்ளைக் கோட்டின்மேல் டயர் எப்படி வழுக்கும் என்பதை உடம்பு எங்கே கற்கும்?

மாசி பிற்பாதியில் தென்காற்று தலைகாட்டத் தொடங்கினால் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. சிதம்பரம் போவது கடினம், திரும்புவது சுகம் என்றாகும்போது, களைத்த கால்களைக் காற்றே வீட்டில் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது. கடலும் தணிந்து, தேவனாம்பட்டினத்தில் நீந்துபவர்களின் தலைகள் மீண்டும் தெரிகின்றன. அடுத்த போட்டிக்கான பதிவுகள் தொடங்குகின்றன. வேடிக்கை பார்க்க அப்போது வருபவர்கள் வரட்டும். தேர்ந்த ரசிகர் தைக்குள்ளாகவே, காலை எட்டு மணிக்கு முன், ஆலப்பாக்கத்துக்கும் முதுநகருக்கும் இடையில் எங்காவது சாலையோரம் நின்று, வடக்கு நோக்கி வருபவர்களின் தோள்களைப் பார்த்துவிட வேண்டும்.