கடல் கடந்த சந்தையும் பூலாம்பாடி வெங்காயமும்

ஒரு தேசத்தின் பல பிரதேசங்களும், அவற்றோடு அயல் தேசங்களும் ஒரே சந்தையாக இணையும்போது உள்ளூர்த் தொழில்முனைவோர் தழைப்பாரா தேய்வாரா என்னும் வினாவுக்கு, பொருளாதார நூல்களைக் காட்டிலும் பெரம்பலூர்ச் சீமையின் சின்ன வெங்காயம் தெளிவாக விடை சொல்லும்.

பச்சைமலையை அடுத்த பூலாம்பாடியிலிருந்து மலேசியாவுக்குப் பிழைக்கப் போனவர் பலர். அங்கும் சிங்கப்பூரிலும் இலங்கையிலும் தமிழர் சமையல் சின்ன வெங்காயத்தை விடவில்லையாதலால், வயலில் வாங்கிப் பட்டறையில் காய வைத்து, தரம் பிரித்து மூட்டை கட்டும் சிறு வியாபாரிக்குக் கடல் கடந்த கிராக்கி ஏற்பட்டது. இதற்கு வித்திட்டவை பந்துத்துவமும் நாவின் பழக்கமுமேயன்றி, 2010 ஜனவரியில் அமலுக்கு வந்த இந்திய–ஆசியான் சரக்கு ஒப்பந்தம் அன்று. ஒப்பந்தங்களின் பெருமையைப் பேசுவோர் இதை ஏனோ மறந்துவிடுகிறார்கள். உள்ளூர் மண்டி ஒன்றையே நம்பியிருந்தவனுக்கு வேறொரு வாசல் திறந்தது மறுக்கவொண்ணாத அநுகூலமே.

ஆனால் அந்த வாசலின் தாழ்ப்பாள் அவன் கையில் இல்லை. பன்னாட்டுச் சுங்க வகைப்பாட்டில் பெரிய வெங்காயமும் சின்ன வெங்காயமும் 0703.10 என்னும் ஒரே தலைப்பின்கீழ் அடங்குபவை. மகாராஷ்டிரத்து லாசல்காவ் சந்தையில் பெரிய வெங்காயத்தின் விலை ஏறி, நுகர்வோரின் சங்கடம் தீர வேண்டி 2019 செப்டம்பர் 29-இலும், மீண்டும் 2020 செப்டம்பர் 14-இலும் மத்திய சர்க்கார் எல்லா வகை வெங்காயத்தின் ஏற்றுமதியையும் நிறுத்தியபோது, வடநாட்டுச் சமையலில் அரிதாகவே இடம்பெறும் சின்ன வெங்காயமும் சேர்ந்தே சிறைப்பட்டது. நுகர்வோரைக் காப்பது அரசின் கடமை என்பதில் ஆட்சேபமில்லை. அந்தக் கடமை இப்பயிரின்மீது ஏன் விழ வேண்டும்? 2020 அக்டோபரில் பெங்களூர் ரோஸ், கிருஷ்ணாபுரம் ஆகிய இரு வகைகளுக்குத் தலா 10,000 டன் விலக்கு அளிக்கப்பட்டதால், வகை பிரித்துப் பார்ப்பது சாத்தியமே என்பது நிரூபணமாயிற்று.

ஆனால் தனி அடையாளம் கிடைத்தாலே போதும் என்பதற்கில்லை: அண்டையிலுள்ள அரும்பாவூர் மரச்சிற்பங்கள் 2020-இல் புவிசார் குறியீடு பெற்றன. பெயருக்குப் பாதுகாப்புக் கிடைத்ததே ஒழிய, வெளியூர் மொத்த வியாபாரியோடு பேரம் பேசும் வலிமை அதனால் மட்டும் சிற்பிக்கு வந்துவிடாது.

வெங்காய ஏற்றுமதித் தடைகளில் இழப்பும் எல்லோருக்கும் ஒரே அளவினதன்று. பெருமூலதனமுடைய ஏற்றுமதியாளர் வேறு சரக்கிற்கு மாறித் தடை நீங்கும்வரை பொறுத்திருக்கலாம். கடன் வாங்கிக் கொள்முதல் செய்த சிறு வியாபாரியோ, வட்டி ஏறவும் பட்டறையில் சரக்கு முளைவிடவும் கண்டு, கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு, அடுத்த பருவத்தில் பிறருக்காகக் கொள்முதல் செய்யும் கமிஷன் ஏஜெண்டாகிவிடுகிறான்.