தாம்ஸனின் நூலும் கிள்ளானின் பாடமும்

மலாயாவில் வென்ற முறை வியட்நாமில் ஏன் தோற்றது? 1966-இல் வெளிவந்த சர் ராபர்ட் தாம்ஸனின் கெரில்லாப் போர் பற்றிய நூல் இக்கேள்விக்கு விடை தேடுகிறது. 1961 முதல் 1965 வரை சைகோனில் பிரிட்டிஷ் ஆலோசனைக் குழுவின் தலைவராயிருந்தவர் எழுதியதாதலின், அதனை அலட்சியம் செய்வதற்கில்லை. வேலியிட்ட கிராமங்களை அங்கு அவசரமாய்க் கட்டியது பிழை என்று அவர் கூறுவது மெய்யே.

அரசுக்குத் தெளிவான அரசியல் நோக்கம் வேண்டுமென்கிறார். யாருடைய நோக்கம் என்று நாம் கேட்கிறோம். மலாயாவில் புதுக்கிராமங்களுக்குப் பெயர்க்கப்பட்ட ஏறத்தாழ 5 இலட்சம் பேரில் பெரும்பாலோர் நிலவுரிமையற்ற சீனர். வியட்நாம் குடியானவனோ மூதாதையர் சமாதிகளை விட்டு விரட்டப்பட்டான். மலாயாவுக்கு 1957-இல் சுதந்திரம் வந்தது. வியட்நாமில் 1956-இல் நடத்துவதாகச் சொன்ன பொதுத்தேர்தலே நடக்கவில்லை. 1975-இல் சைகோன் வீழ்ந்ததில் வியப்பென்ன?

கிள்ளான் வட்டாரத் தோட்டத் தமிழர் 1941-இல் கேட்டது யாது? கூலி உயர்வு, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டிறங்கும் இழிவு நீங்குதல். துப்பாக்கியே பதில் சொல்லிற்று. 1949 மே 4-இல் தொழிற்சங்கத் தலைவர் கணபதி கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இவற்றை எடைபோடாத போர்நூல் பாதிநூலே. முள்வேலி அரிசியைத் தடுக்கும், அவமானத்தைத் தடுக்குமோ?