இரு தேசமும் ஒரு கலியாணமும்

செல்வரும் வறியரும் ஒரே மண்ணில் வாழும் இரு வேறு தேசத்தார் என்ற கருத்தை நாம் மேடைகளிற் பலமுறை கேட்டிருக்கின்றோம். அதனை நாவலுக்குப் பொருளாக்கியவர் பொதுவுடைமைவாதி அல்லர்; பின்னாளில் இருமுறை இங்கிலாந்தின் பிரதமராயிருந்த பழமைவாதி பெஞ்சமின் டிஸ்ரேலி. அவருடைய ‘சிபில் அல்லது இரு தேசங்கள்’ 1845இல் வெளிவந்தது.

டிஸ்ரேலி கண்மூடி எழுதியவரல்லர். சிறுவர் தொழில் பற்றிய 1842ஆம் ஆண்டு விசாரணைக்குழு அறிக்கை அவருக்குப் பயன்பட்டது. சுரங்கத் தொழிலாளிக்குக் கூலியைக் காசாகக் கொடாது கடைச்சாமானாகக் கொடுக்கும் கொடுமையை நூலிற் காண்கின்றோம். காத்து நிற்கும் பெண்களைக் கடைக்காரன் மகன் வைது விரட்டுகின்றான். வேறு கடைக்குப் போக அவர்களிடம் காசில்லை. இந்தப் பக்கங்களை நாம் மதிக்கின்றோம். மலைநாட்டுத் தோட்டங்களில் தொழிலாளியையும் அவன் கடனையும் ஒருங்கே கைமாற்றிய ‘துண்டு’ முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிந்தது என்பதை அறிந்த நமக்கு இக்கடை அந்நியமானதன்று.

கதை சறுக்குவது காதலில். பிரபு குடும்பத்து இளைய மகன் எக்ரிமொன்ட், தொழிலாளர் வாக்குரிமைக்குப் போராடும் சாட்டிஸ்ட் தலைவர் ஜெரார்டின் மகள் சிபிலை விரும்புகின்றான். நமக்கிடையிலுள்ள பிளவு கடக்கவொண்ணாதது என்று அவளே மறுக்கின்றாள். பன்னிரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஒப்பமிட்ட மனுவை 1839இல் பாராளுமன்றம் தள்ளியதையும் நூல் காட்டுகின்றது. பிளவு மெய்யாகவே ஆழமானது. ஆசிரியர் அதனை எவ்வாறு கடக்கின்றார்? கோட்டையொன்றில் கிடந்த பழைய பத்திரங்களைக் கொண்டு! அவற்றின்படி ஜெரார்ட் குடும்பமே பெருநிலம் ஒன்றின் உண்மை வாரிசு. கலவரத்தில் ஜெரார்ட் சுடப்பட்டு இறக்கின்றார். எக்ரிமொன்டின் தமையன் கல்லடியில் மாள்கின்றான். பட்டம் இவனுக்கு, நிலம் அவளுக்கு, பின்னர் கலியாணம். ஏழைப்பெண் இறுதியிற் பணக்காரரின் மகளாகிவிடும் நம் திரைப்படங்களை எள்ளி நகையாடும் ஆங்கில இலக்கிய மாணவர் இவ்விடத்தில் சற்று நிதானிப்பது நல்லது.

ஈரேழைகளோ இரு செல்வர்களோ மணந்தால் இரு தேசம் ஒன்றாகிவிடுமா? சிபில் ஏழையாகவே இருந்து அவனை மணந்திருந்தால் டிஸ்ரேலி தம் வர்க்கத்தாரிடம் எதையேனும் கேட்டிருப்பார். அதனை அவர் துணியவில்லை. அதே 1845இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்த ஏங்கல்ஸின் இங்கிலாந்துத் தொழிலாளர் பற்றிய நூலுக்கு இத்தகைய பத்திரம் எதுவும் தேவைப்படவில்லை.

நாவலின் கடைசிப் பக்கங்களில் மிக் என்னும் ஆலைத் தொழிலாளிக்குப் புதிய பிரபு எக்ரிமொன்ட் தொழில் ஒன்று தொடங்கிக் கொடுக்கின்றான். மிக் தன் தோழனான அநாதையைப் பங்காளியாக்குகின்றான். முதலாளியான பின்னர், அவ்வநாதை தனக்கொரு கௌரவமான பெயரும் சூட்டிக்கொள்கின்றான்.