நீலக் குற்றம்: பாக் விரிகுடாவில் வைத்துப் பார்த்தால்

தஞ்சாவூர் மாவட்டத்துக்குக் கடல் உண்டு என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. பெரிய கோயில், நெல், தலையாட்டி பொம்மை, அவ்வளவுதான் அவங்க கணக்கு. பட்டுக்கோட்டை தாண்டிப் போனால் அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் என்று வரிசையாகக் கடற்கரை ஊர்கள். அங்கிருந்து கிழக்கே போனால் வேதாரண்யம், கோடியக்கரை. கடல்சார் பாதுகாப்பு என்ற துறையில் அதிகம் படிக்கப்படும் ஒரு ஆய்வாளரை இந்தக் கரையில் நின்றுகொண்டு வாசித்தால் எது நிற்கிறது, எது நழுவுகிறது என்று பார்க்கத்தான் இந்தக் குறிப்பு.

ஆய்வாளர் பெயர் கிறிஸ்டியான் பூகர். கோபன்ஹேகன் பல்கலைக்கழகப் பேராசிரியர். சோமாலியக் கடற்கொள்ளை பற்றி எழுதிக் கவனம் பெற்றவர். 2020இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் திமோதி எட்மண்ட்ஸோடு சேர்ந்து 'மரைன் பாலிசி' இதழில் 'நீலக் குற்றம்' என்ற கருத்தை முன்வைத்தார். கடலில் நடக்கும் குற்றங்களை மூன்றாகப் பிரிக்கிறார்கள். கடல்மேல் நடப்பவை: கப்பல் போக்குவரத்தைக் குறிவைக்கும் கொள்ளை மாதிரி. கடலைக் கடந்து நடப்பவை: போதைப்பொருள், ஆள் கடத்தல் போன்றவை. கடலுக்குள் நடப்பவை: கள்ள மீன்பிடிப்பு, மாசு போன்று கடலையே காயப்படுத்துபவை. எதற்குத் தீங்கு நேர்கிறது என்பதுதான் பிரிப்பின் அடிப்படை. மூன்றும் ஒன்றோடொன்று பின்னியிருக்கும் என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை.

இதன் பலத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மீனவர் பிரச்சினை நம்ம பத்திரிகைகளில் எப்படி வரும்? இலங்கைக் கடற்படை கைது செய்தது, படகு பறிமுதல், முதல்வர் கடிதம். செய்தி அதோடு முடிந்துவிடும். 'யாருக்கு, எதற்குத் தீங்கு' என்று பூகர் மாதிரி கேட்டால் அந்தப் பக்கம் இருக்கும் ஆளும் கண்ணுக்குத் தெரிகிறார். போர்க் காலத்தில் கடலுக்குப் போக முடியாமல் முடக்கப்பட்டு, 2009க்குப் பிறகு மறுபடி வலை எடுத்த யாழ்ப்பாண, மன்னார் மீனவர்கள். அவர்களும் தமிழர்கள்தான். ராத்திரியில் விரித்துவைத்த வலையை நம்ம விசைப்படகின் இழுவை மடி கிழித்துப் போட்டால் அது அவர்களுடைய பல மாத வருமானம். அடியில் இருக்கும் குஞ்சு குளுவான் எல்லாவற்றையும் அந்த மடி வாரிக்கொண்டு போவது தனிக்கதை. இதைத் தமிழ்நாட்டில் உரக்கச் சொல்ல ஆள் குறைவு.

ஆனால் அதே மடியைச் சட்டத்தின் கண்ணால் பாருங்க. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி, கரையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பால் விசைப்படகு தொழில் செய்யலாம். இலங்கையில் 2017இல் இழுவை மடி முழுக்கத் தடை செய்யப்பட்டது. நடுவில் இருப்பது 1974லும் 1976லும் இரண்டு அரசுகள் வரைந்த கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் தொழில், அந்தப் பக்கம் குற்றம். தீங்கோ, இரண்டு பக்கமும் ஒரே தீங்குதான். இங்கேயும் நாட்டுப்படகுக்காரர்களின் வலை கிழிகிறது.

கடல் அட்டை இன்னும் தெளிவான உதாரணம். இந்தியாவில் 2001 முதல் அது வனவிலங்குச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட உயிரினம், பிடித்தால் சிறை. எதிர்க்கரையில் உரிமம் வாங்கிப் பிடிக்கலாம், பண்ணை வைத்து வளர்க்கலாம், காயவைத்து ஏற்றுமதி செய்யலாம். இங்கே கடத்தல் பொருள், அங்கே அந்நியச் செலாவணி. மஞ்சள் கதை இதைவிட வேடிக்கை. இலங்கை அரசு மஞ்சள் இறக்குமதிக்குத் தடை போட்டதும், 2020 வாக்கில் நம்ம அடுப்பங்கரை மஞ்சள் மூட்டை மூட்டையாகப் படகேறி, கஞ்சாவோடு சேர்த்துப் பறிமுதல் பட்டியலில் வந்தது. பூகர் கணக்குப்படி இது 'கடலைக் கடந்து' வகை. இங்கே தீங்கு யாருக்கு? இறக்குமதித் தடைக்குத்தான்.

என் தொழில் பாஷையில் சொன்னால், பூகரும் எட்மண்ட்ஸும் குற்றத்தை ஒரு செயலின் 'டைப்' ஆக வைத்திருக்கிறார்கள். பாக் விரிகுடாவில் அது 'ஸ்டேட்டஸ்'. இடத்தையும் தேதியையும் பொறுத்து மாறும். யார் மாற்றுகிறார்கள் என்ற கேள்வி அவர்கள் அட்டவணையில் எந்தக் கட்டத்திலும் வரவில்லை. 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்து போய் உப்பு அள்ளினார்களே, அதுவும் அன்றைய தேதிக்கு ஒரு கடற்கரைக் குற்றம்தான்.

இன்னொரு இடறலும் உண்டு. ஒழுங்கமைக்கப்பட்ட குற்றம் என்று சொல்லும்போது ஒரு கும்பல், ஒரு தலைவன் என்று மனசில் படம் வருகிறது. விசைப்படகில் பிடிபடுபவர்கள் பெரும்பாலும் பங்குக்கோ கூலிக்கோ போகும் ஆட்கள். முதலாளி கரையில் இருப்பார். விசைப்படகு என்ற தொழிலையே கடனும் மானியமும் கொடுத்து வளர்த்தது அரசு. அதே அரசுதான் 2017இல் 2000 இழுவைப் படகுகளை ஆழ்கடல் சூரை மீன்பிடிக்கு மாற்றுகிறேன் என்று திட்டம் போட்டது. இந்தப் பின்னணி இல்லாமல் 'கள்ள மீன்பிடிப்பு' என்று வகை பிரித்தால், கையில் மிஞ்சும் தீர்வு ரோந்துப் படகு மட்டும்தான். அந்தத் தீர்வை 2009 முதல் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

எனக்கு வருத்தமே, இதைக் கேட்கத் தெரியாதவரல்ல பூகர் என்பதுதான். 2013இல் 'தேர்ட் வேர்ல்ட் குவார்ட்டர்லி' இதழில் சோமாலியக் கொள்ளையர்கள் தங்களைக் 'கடலோரக் காவலர்கள்' என்று சொல்லிக்கொள்வதை எடுத்து அலசியிருந்தார். வெளிநாட்டுக் கப்பல்கள் மீனை அள்ளுகின்றன, கழிவைக் கொட்டுகின்றன, நாங்கள் காக்கிறோம் என்பது அவர்கள் கதை. அது உண்மையா பொய்யா என்று தீர்ப்பு சொல்லிவிட்டுப் போகாமல், அந்தக் கதை அவர்களுக்கு என்ன வேலை செய்கிறது என்று பார்த்தார். நல்ல கட்டுரை. 2020இல் அந்தக் காது எங்கே போச்சு?

நம்ம பக்கம் அந்தக் காது தேவைப்படுகிறது. ஆற்காட்டுத்துறை, புஷ்பவனம், வெள்ளப்பள்ளம் போன்ற ஊர்களின் ஃபைபர் படகுக்காரர்களைச் சில வருஷமாகவே நடுக்கடலில் மறித்து அடித்து, வலை, ஜிபிஎஸ், பிடித்த மீன் எல்லாவற்றையும் பறித்துக்கொண்டு போகிறார்கள். செய்தியில் 'இலங்கைக் கடற்கொள்ளையர்'. சர்வதேச கடல் சட்டப்படி இவர்களைக் கொள்ளையர் என்று சொல்லவே வழக்கறிஞர்கள் யோசிப்பார்கள், ஏனென்றால் ஒரு நாட்டின் எல்லைக் கடலுக்குள் நடந்தால் அது ஆயுதமேந்திய வழிப்பறி. தண்டிக்க வேண்டியது அந்தந்த நாடு. அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடப்பவருக்கு இந்த வித்தியாசத்தால் ஒன்றும் ஆகப்போவதில்லை, தெரியும். ஆனால் அந்த ஆட்கள் யார், தங்களை என்னவென்று சொல்லிக்கொள்கிறார்கள் என்று யாராவது கேட்டால்தான் அடுத்த அடியைத் தடுக்க முடியும். வகை பிரித்துக் கட்டத்தில் போட்டு மூடினால் அந்தக் கேள்வி எழாது.

2010இல் வடஇலங்கை மீனவர்கள் தமிழ்நாட்டுக்கு வந்து இங்குள்ள மீனவர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். இழுவை மடியைப் படிப்படியாக விடுவது பற்றி ஒரு உடன்பாடு வரைக்கும் போனது. இரண்டு அரசுகளும் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. 'கடலோரச் சமூகம் தானே பேசித் தீர்ப்பது' என்பதற்கு, நீலக் குற்ற அட்டவணையில் ஒரு கட்டம் போட்டிருக்கலாம்.

படிக்க நினைப்பவர்களுக்கு: பூகரின் 2013 கட்டுரையை முதலில் படியுங்கள். அடுத்து ஸ்கோல்டென்ஸ், பேவிங்க், யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த சூசை மூவரும் பாக் விரிகுடா பற்றி 2012இல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி'யில் எழுதியது. வலை கிழிந்தவன் பக்கம் அதில் இருக்கிறது. 2020 கட்டுரையைக் கடைசியாக எடுங்க. பூகரும் எட்மண்ட்ஸும் 2024இல் ஒரு முழுப் புத்தகமே போட்டிருக்கிறார்கள். அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.