மலையூர்ப் பிடில்

கேலக்ஸுக்குப் போய் மேடைக்கு எதிரே நாற்காலி போட்டு அதை மட்டும் கேட்டுவிட்டு ஊர் திரும்புகிறவர், கச்சேரியைக் கோட்டைவிட்டவர் என்றுதான் சொல்வேன். அங்கே நல்ல சங்கீதம் மேடைக்குப் பின்னால், வண்டிகள் நிற்கும் புல்வெளியில் நடக்கிறது.

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் தென்மேற்கே, ப்ளூ ரிட்ஜ் மலைப்பகுதியில் இருக்கிறது இந்தச் சிற்றூர். கடல்மட்டத்துக்கு 2,000 அடிக்கு மேல். மக்கள்தொகை 7,000கூடத் தேறாது. மரச்சாமான் தொழிற்சாலைகளும் துணி ஆலைகளும் சோறு போட்ட ஊர். அவற்றில் பலவற்றுக்குப் பூட்டு விழுந்துவிட்டது. பிடில் மட்டும் நிற்கவில்லை. ஆகஸ்ட் இரண்டாவது வாரம் ஊரின் ஃபெல்ட்ஸ் பார்க் மைதானம் கூடாரங்களாலும் வீட்டு வண்டிகளாலும் நிறைந்துவிடும். பழைய மெட்டுகள் மறந்துபோகக் கூடாது என்று உள்ளூர் மூஸ் லாட்ஜ் சங்கத்தார் 1935இல் தொடங்கிய ‘பழைய பிடில்காரர் மாநாடு’ அது. பெயர்தான் மாநாடு, தீர்மானம் எதுவும் கிடையாது, வாசிப்புதான்.

மேடையில் நடப்பது போட்டி. பிடில், பாஞ்சோ, கிதார், மாண்டலின், டல்சிமர், ஆட்டோஹார்ப், நாட்டுப்பாடல், நடனம் என்று பல பிரிவுகள். திங்கட்கிழமை சிறுவர்களுக்கு, சனிக்கிழமை முடிவு. ஒருவர் ஏறுவார், ஒரு மெட்டு வாசிப்பார், இறங்குவார், அடுத்தவர் ஏறுவார். போட்டியாளர்களின் தாத்தா பாட்டிக்கு இது பிடிக்கலாம். எனக்கு அரை மணி நேரத்துக்கு மேல் தாங்காது.

புல்வெளிக்கு வருவோம். ஒரு வண்டியின் ஓரத்தில் நாலைந்து பேர் முட்டியோடு முட்டி இடிக்க வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பிடில், ஒரு பாஞ்சோ, ஒரு கிதார், நின்றபடி ஒருவர் பெரிய பேஸ். ஒலிபெருக்கி கிடையாது. கேட்பவர்களைப் பார்த்து யாரும் வாசிப்பதில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வாசிக்கிறார்கள். பிடில்காரர் மெட்டைத் தொடங்கியதும் மற்றவர்கள் தொற்றிக்கொள்வார்கள். மெட்டுக்கு இரண்டு பாகம். ஒன்று மேல் ஸ்தாயியில் திரிந்தால் மற்றது கீழே இறங்கும். ஒவ்வொன்றையும் இரண்டிரண்டு தரம் வாசித்தால் ஒரு சுற்று. முக்கால் நிமிடத்துக்குள் முடிந்துவிடும். முடிந்தவுடன் மறுபடியும் அதே சுற்று. அதன்பிறகும் அதேதான். பத்துப் பன்னிரண்டு நிமிடம் போகும். தனி ஆவர்த்தனம் இல்லை, நிரவல் இல்லை, யாரும் தன் கைவரிசையைக் காட்டப் பிரிந்து போவதில்லை.

கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்த காதுக்கு முதலில் எரிச்சல் வரும். சங்கதி எங்கே, இதே பல்லவியை எத்தனை தரம் பாடுவது என்று தோன்றும். ஐந்தாறு சுற்று பொறுத்துக்கொள்ள வேண்டும். அதற்குள் மெட்டு மனப்பாடமாகிவிடும்; அடுத்து என்ன வரும் என்று காது தேடுவதை நிறுத்திவிடும். அப்போதுதான் வேறு விஷயங்கள் கேட்கத் தொடங்கும். இந்தச் சுற்றில் வில் ஒரு ஸ்வரத்தின்மேல் சற்று அழுத்தி நின்றது, பாஞ்சோ ஒரு அடியை வேண்டுமென்றே விட்டுவிட்டது, நாலு பேரின் தாளமும் ஒரே ஆளின் மூச்சாக இறுகிவிட்டது. பழைய பாணி இசையின் ரசமே இந்த இறுக்கம்தான். கற்பனையை விரிப்பது ஒரு கலை என்றால், விரிக்காமல் ஒரே இடத்தில் நின்று ஆழம் தோண்டுவதும் கலைதான். எப்போது முடிப்பது? பிடில்காரர் உட்கார்ந்தபடியே ஒரு காலைத் தூக்குவார். அந்தச் சுற்றோடு எல்லோரும் டக்கென்று நிறுத்திவிடுவார்கள்.

நம் வயலினும் இந்தப் பிடிலும் ஒரே ஐரோப்பிய வாத்தியத்தின் இரண்டு கிளைகள். பாலுஸ்வாமி தீட்சிதர் கற்றுக்கொண்டு நம் சங்கீதத்துக்கு இழுத்துவந்தார். ஸ்காட்லாந்து, அயர்லாந்திலிருந்து குடியேறியவர்கள் அப்பலாச்சிய மலைகளுக்குத் தூக்கிப்போனார்கள். வேடிக்கை என்னவென்றால், ஒருவரை ஒருவர் அறியாமலே இரு தரப்பாரும் தந்தியை ஒரே மாதிரி மாற்றிக் கட்டினார்கள். ஐரோப்பியச் சுருதிக்கட்டில் நாலு தந்தியும் பஞ்சமம் பஞ்சமமாக ஏறிக்கொண்டே போகும். மலைக்காரர்கள் பல மெட்டுகளுக்குக் கீழ்த்தந்திகள் இரண்டையும் ஏற்றிக் கட்டுகிறார்கள். கிடைப்பது அப்பட்டமான ச-ப-ச-ப, நம் வயலின் சுருதி. மலையில் அதற்குக் காரணம்: மெட்டு ஒரு தந்தியில் ஓட, பக்கத்துத் தந்தி சுருதியாகக் கூடவே முழங்க வேண்டும். காந்தாரத்தைக் கவனியுங்கள். பழைய கைகளில் அது சாதாரணத்துக்கும் அந்தரத்துக்கும் நடுவில் எங்கோ நிற்கும். பியானோ கேட்டுப் பழகியவர்கள் அபஸ்வரம் என்பார்கள். நமக்கு அந்தச் சங்கடம் இல்லை.

பிடிலுக்குள் கிலுகிலுப்பைப் பாம்பின் வால்நுனியைப் போட்டுவைக்கும் வழக்கமும் உண்டு. எலியும் சிலந்தியும் அண்டாது என்பார் ஒருவர், ஈரம் ஏறாது என்பார் இன்னொருவர், நாதம் கூடும் என்பார் மூன்றாமவர். குலுக்கினால் சலசலக்கும், நாதம் கூடியதாக எனக்குத் தெரியவில்லை.

பாஞ்சோவின் வேர் ஆப்பிரிக்கா. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் சுரைக்குடுக்கையில் தோல் போர்த்திச் செய்த வாத்தியம் அது. பிறகு பிடிலோடு சேர்ந்தது. பாஞ்சோக்காரரின் வலக்கையைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். விரல்கள் மடங்கி, கொக்கியாக நிற்கும். தந்தியை மேல்நோக்கி இழுப்பதே இல்லை. ஆள்காட்டி அல்லது நடுவிரல் நகத்தின் முதுகால் கீழ்நோக்கித் தட்டினால் மெட்டின் ஸ்வரம் விழும். அடுத்த தட்டு மற்ற தந்திகளை வருடிப் போகும். உடனே கட்டைவிரல் ஐந்தாவது தந்தியைச் சுண்டும். தா-தக, தா-தக என்று ஓடிக்கொண்டே இருக்கும். அந்த ஐந்தாவது தந்தி குட்டைத் தந்தி, கழுத்தின் நுனியிலிருந்து இல்லாமல் சற்றுத் தள்ளித்தான் தொடங்கும். வீணையின் பக்கத் தந்திகளைச் சுண்டுவிரல் மீட்டுமே, அதே வேலையை இங்கே கட்டைவிரல் செய்கிறது: சுருதியும் தாளமும் ஒரே சுண்டலில்.

பாஞ்சோவில் இன்னொரு பாணியும் உண்டு. 1945இல் பில் மன்றோவின் குழுவில் சேர்ந்த எர்ல் ஸ்க்ரக்ஸ், மூன்று விரலில் உறை மாட்டிக்கொண்டு மழையாகக் கொட்டினார், ப்ளூகிராஸ் பிறந்தது. அதில் ஆளுக்கொரு முறை வந்து தனியாக வாசித்துக் கைதட்டல் வாங்குவார்கள். கேலக்ஸில் இரண்டுக்கும் தனித்தனிப் போட்டி. ப்ளூகிராஸ் உடனே பிடித்துவிடும். அதனாலேயே முதலில் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இந்த வட்டாரப் பாணியின் பெரிய பெயர் டாமி ஜாரல். 1901இல் பிறந்தவர். வட கரோலினா எல்லைக்குள், மவுண்ட் ஏரி ஊர் அருகே ரவுண்ட் பீக் பகுதிக்காரர். நெடுஞ்சாலைத் துறையில் சாலை சமன்செய்யும் இயந்திரம் ஓட்டி ஓய்வு பெற்றார். 1960களின் கடைசியிலிருந்து நகரத்துப் பிள்ளைகள் நீண்ட தலைமுடியும் தாடியுமாக அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். உள்ளே கூப்பிட்டுச் சோறு போட்டுச் சொல்லிக்கொடுத்தார். 1985இல் அவர் இறந்தபோது, அவர் வில்லின் குலுக்கல் நாடு முழுக்கப் பரவியிருந்தது. இடக்கை விரல்கள் அவருக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது. விஷயமெல்லாம் வலது மணிக்கட்டில். ‘ஜூன் ஆப்பிள்’ என்ற மெட்டை அவர் வாசித்துக் கேளுங்கள். ஹரிகாம்போதியின் நிஷாதம் எட்டிப் பார்த்துவிட்டு ஓடும்.

இருட்டிய பிறகு யாராவது புல்மேல் ஒரு ஒட்டுப்பலகையைப் போடுவார்கள். கிழவர் ஒருவர் ஏறி நிற்பார். உடம்பு அசையாது, கை தொங்கும், பாதம் மட்டும் பலகையை விட்டு அதிகம் எழாமல் குதிகாலும் நுனியுமாகத் தட்டும். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. கண்ணை மூடிக் கேட்டால் அது இன்னொரு வாத்தியம்.

போக வாய்த்தவர்களுக்கு ஒரு வார்த்தை. மடக்கு நாற்காலியும் ஒரு கம்பளியும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்டிலும் ராத்திரி குளிரும். ஒரு வட்டத்தோடு நின்று ஒரு மணி நேரமாவது கேளுங்கள், வட்டம் வட்டமாகத் தாவாதீர்கள். கூப்பிடாமல் வாத்தியத்தோடு நடுவில் நுழையாதீர்கள். அவர்கள் முகம் சுளிக்க மாட்டார்கள், ஆனால் நினைவில் வைத்துக்கொள்வார்கள். போக முடியாதவர்கள், ஆவணப்பட இயக்குநர் லெஸ் பிளாங்க் டாமி ஜாரலைப் பற்றி 1983இல் எடுத்த ‘ஸ்ப்ரவுட் விங்ஸ் அண்ட் ஃப்ளை’ என்ற படத்தைத் தேடிப் பாருங்கள். அரை மணி நேரப் படம். பார்க்கும்போது அவர் வலது மணிக்கட்டை விட்டுக் கண்ணை எடுக்க வேண்டாம்.